வெரி என்றால் மெய்

"டீச்சர், ரொம்பப் பிடிக்கும்னா 'வெரி லைக்'தானே?"

நாலாம் வகுப்புப் பையன். நாலு கோடு நோட்டில் தன் தாத்தாவைப் பற்றி ஐந்து வரி எழுதிக்கொண்டு வந்திருந்தான். மூன்றாவது வரி, 'ஐ வெரி லைக் மை தாத்தா'. சிவப்புப் பேனாவால் 'வெரி'யைச் சுற்றி வட்டம் போட்டு, வரியின் கடைசியில் 'வெரி மச்' என்று எழுதிக் கொடுத்தேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தார்சாவில் பாய் விரித்து, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஆறு பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். பதினோரு வருஷத்தில் இதே வட்டத்தை நூறு தடவையாவது போட்டிருப்பேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. இவன் கேட்டான்.

"ரொம்ப நல்லவர்னா 'வெரி குட்'. ரொம்பப் பிடிக்கும்னா மட்டும் ஏன் 'வெரி லைக்' இல்ல?"

"வினைச்சொல்லுக்கு முன்னாடி வெரி வராதுப்பா."

"ஏன் டீச்சர் வராது?"

"வராது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோட்டை எடுத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்த 'அவ்வளவுதான்' உறுத்திக்கொண்டே இருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் முதன்முதலாக வாங்குகிற பாராட்டே 'வெரி குட்'தான். அதில் 'குட்' இன்னது என்று எல்லாருக்கும் தெரியும். 'வெரி' யார் வீட்டுச் சொல், எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

லத்தீனில் 'வேருஸ்' என்று ஒரு சொல். மெய்யான, உண்மையான என்று பொருள். பழைய பிரெஞ்சில் அது 'வெரை' என்று உருமாறியது. இன்றைய பிரெஞ்சில் 'வ்ரே' என்று இன்னும் உயிரோடு இருக்கிறது, அதே 'உண்மை' என்ற பொருளோடு. 1066-இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் உட்கார்ந்தார்கள். அந்த வழியாக 13-ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்தபோது அது பெயரடை. 'மெய்யான' என்பதுதான் அதன் பொருள். 'ரொம்ப' என்ற பொருள் அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்டது.

இதைப் படித்ததும் நான் முதலில் நினைத்துக்கொண்டது சான்றிதழ் வெரிஃபிகேஷன் வரிசையை. பிளாஸ்டிக் உறையில் மார்க் ஷீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிறோமே, அந்த வெரிஃபிகேஷனும் இந்த வெரியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மெய்யா என்று பார்ப்பது. தமிழில் அதைச் சரிபார்ப்பு என்கிறோம். நீதிமன்றத்து 'வெர்டிக்ட்' கூட இந்தக் குடும்பம்தான்: மெய்யாகச் சொன்னது என்பது அதன் நேர்ப்பொருள். அவையெல்லாம் குடும்பத் தொழிலை விடாமல் செய்கின்றன. வெரி ஒன்றுதான் உண்மையை விட்டுவிட்டு அளவுக்குப் போய்விட்டது.

எப்படிப் போனது என்பதற்கு ஒரு வரியைக் காட்டுவார்கள். 1400-இல் காலமான ஆங்கிலக் கவிஞர் சாசர், கேன்டர்பரிக் கதைகளின் முன்னுரையில் ஒரு குதிரைவீரரை இப்படி அறிமுகப்படுத்துகிறார்: 'ஹி வாஸ் அ வெரை, பார்ஃபிட் ஜென்டில் நைட்'. இன்றைக்கு ஆங்கிலம் படித்த ஒருவர் இதைப் பார்த்தால் 'ரொம்பக் குறையற்ற' என்று படிப்பார். சாசர் சொன்னது அதுவல்ல. மெய்யான வீரர், குறையற்ற வீரர், பண்புள்ள வீரர். மூன்று பெயரடைகள் வரிசையாக நின்று ஒரே பெயரைத் தாங்குகின்றன. ஆனால் வாயால் சொல்லிப் பாருங்கள். மூன்று பேர் வரிசையில் நின்றால் முதல் ஆள் இரண்டாம் ஆள் மேல் சாய்வது மாதிரி, 'வெரை' அடுத்த சொல் மேல் சாய்கிறது. 'மெய்யான குறையற்ற வீரர்' என்பது 'மெய்யாகவே குறையற்ற வீரர்' ஆகிறது. அங்கிருந்து 'ரொம்பக் குறையற்ற' என்பதற்கு ஓர் எட்டுதான்.

இதைப் பையனுக்கு எப்படிச் சொல்வது? மறுநாள் அவனிடம் கேட்டேன்.

"வாய்க்கால் பக்கம் நல்ல பெரிய பாம்பு பார்த்தேன்னு ஒருத்தன் சொல்றான். பாம்பு நல்லதா?"

"இல்ல டீச்சர். ரொம்பப் பெருசுன்னு அர்த்தம்."

"அப்போ 'நல்ல' எங்க போச்சு?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "பெருசுக்குப் போயிருச்சு."

ஆறு நூற்றாண்டுக்கு முன்னால் இங்கிலாந்தில் நடந்ததை ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை இரண்டு சொல்லில் சொல்லிவிட்டான். நல்ல சூடு, நல்ல உயரம், நல்ல வெயில் என்று நாம் தினமும் செய்கிற வேலைதான் அது. வெரி பெயரடைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த சொல். இன்றைக்கும் 'குட்', 'பிக்' மாதிரிப் பெயரடையின் தோளிலோ, 'ஃபாஸ்ட்', 'வெல்' மாதிரி அதன் பங்காளிகள் தோளிலோதான் கைபோடும். வினைச்சொல்லிடம் போக வேண்டும் என்றால் 'மச்' கூட வந்தாக வேண்டும். நம்முடைய 'ரொம்ப' அப்படி இல்லை. ரொம்ப நல்லவர், ரொம்பப் பேசினார், ரொம்பப் பிடிக்கும், ரொம்பப் பேர் என்று எல்லா வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றாமல் போய்வரும். 'வெரி லைக்' என்று நம் பிள்ளைகள் எழுதுவது அதனால்தான். அவர்கள் யோசிக்காமல் எழுதவில்லை. ரொம்பவுக்கு இருக்கிற சுதந்திரம் வெரிக்கும் இருக்கும் என்று நம்பி எழுதுகிறார்கள்.

ரொம்ப எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னொரு ஆச்சரியம். நிரம்ப என்பதுதான் பேச்சில் தேய்ந்து ரொம்ப ஆனது. குடம் நிரம்புகிறதே, அந்த நிரம்ப. வெரி வருவதற்கு முன்னால் ஆங்கிலக்காரர்கள் இதே வேலைக்கு வைத்திருந்த சொற்களில் ஒன்று 'ஃபுல்'. அதுவும் நிரம்பதான். 'ஃபுல் வெல்' என்றால் ரொம்ப நன்றாக என்று அர்த்தம். ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு ஜனங்கள், அளவு மிகுந்து போனதைச் சொல்ல ஒரே குடத்தை நிரப்பியிருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால், பழைய ஆங்கிலத்தில் 'ஸ்வீதெ' என்று ஒன்று இருந்தது. வலிமையாக என்று பொருள். பல நூற்றாண்டுகள் அதுதான் அங்கே 'ரொம்ப'. இன்றைக்கு லண்டன் தெருவில் போய் அதைச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது. 'சோர்' என்றும் ஒன்று உண்டு, வலி என்ற சொல்லின் கிளை. கிறிஸ்து பிறந்த ராத்திரி மேய்ப்பர்கள் பயந்ததை 1611-இல் வந்த ஆங்கில பைபிள் 'சோர் அஃப்ரெய்ட்' என்கிறது. வலிக்கிற அளவு பயம். ஜெர்மனில் இன்றும் 'ரொம்ப' என்பதற்குச் சொல்கிற 'ஸேர்' இந்தச் 'சோர்' உடைய உடன்பிறப்பு. நம் இளவட்டங்கள் 'பயங்கரமா பசிக்குது', 'பயங்கர அழகு' என்கிறார்களே, அவர்களைத் திட்டுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தின் 'டெரிப்ளி'யும் 'ஆஃபுலி'யும் பயத்தில் பிறந்து அளவுக்கு வந்தவைதான்.

தமிழில் இப்படி வந்து போன சொற்களுக்குக் கணக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். 'உறு தவ நனி என வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள என்ப' என்கிறது தொல்காப்பியம். நன்னூலுக்கு வரும்போது மூன்று ஆறாகிவிட்டது: 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்'. நன்னூலும் 13-ஆம் நூற்றாண்டு. ஆங்கிலம் வெரியை வாசலில் நிறுத்தி வரவேற்ற அதே காலத்தில் பவணந்தி முனிவர் இங்கே பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அந்த ஆறில் ஒன்றுகூட இன்றைக்குச் சந்தையில் புழங்கவில்லை. சாலச் சிறந்தது, கழிபேருவகை என்று மேடைத் தமிழில் மிச்சம் மீதி இருக்கின்றன. 'சால'வுக்கு மட்டும் வடக்கே வாழ்வு கிடைத்தது. தெலுங்கில் 'சாலா பாகுந்தி' என்கிறார்களே, அந்தச் 'சாலா' நம் 'சால'வின் ரத்த சம்பந்தம். நாம் ஏட்டில் வைத்துவிட்டதை அவர்கள் காபிக் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் இந்தச் சொற்கள் மட்டும் இப்படிச் சாகின்றன? மரம், கல், நீர் என்பவை ஆயிரக்கணக்கான வருஷம் அப்படியே இருக்கின்றன. 'ரொம்ப' மாதிரிச் சொல்லின் வேலையே கேட்கிறவரை நிமிர்ந்து பார்க்க வைப்பது. நாளைக்குப் பத்துத் தடவை சொன்னால் எந்தச் சொல்லும் மழுங்கிவிடும். அப்புறம் புதிதாக ஒன்று வேண்டும். வெறும் பேச்சை நம்ப மாட்டார்கள் என்று தோன்றும்போது மனிதன் உடனே கை வைப்பது உண்மையின் மேல்தான். 'சத்தியமா நல்லா இருந்துச்சு', 'நெசமாவே பெரிய வீடு', 'மெய்யாலுமே கஷ்டம்'. ஆங்கிலத்தில் 'ட்ரூலி', 'ரியலி', இப்போது 'லிட்டரலி'. வெரி போன வழியில்தான் அத்தனையும் போகின்றன.

நம் கண்ணெதிரே அந்த வழியில் நடக்கிற ஒரு தமிழ்ச் சொல்லும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? 'சரியான குளிர்', 'சரியாப் பசிக்குது', 'சரியான கஷ்டப்பட்டவை'. அங்கே சரி என்பது ரொம்ப. நாமும் 'சரியான மழை', 'சரியான அடி' என்போம். ஆனால் அவர்கள் அளவுக்குப் போவதில்லை. சரி, மெய், சரிபார்ப்பு, வெரிஃபிகேஷன், வெரி. என்னைப் பொறுத்தவரை இந்தத் தேடலில் கிடைத்ததிலேயே அழகானது இந்தச் 'சரியான'தான். லத்தீன்காரனுடைய சொல் ஆயிரம் வருஷம் சுற்றி எங்கே போய் நின்றதோ, அங்கே நம் சொல் தானாகவே நடந்து போயிருக்கிறது.

வெரியின் பழைய பொருள் முழுதாகச் செத்துவிடவில்லை. 'திஸ் வெரி டே', 'தி வெரி சேம் மேன்' என்று சொல்கிறபோது அது எட்டிப் பார்க்கிறது. இன்றைக்கே, அதே ஆள்தான். தமிழில் ஏகாரமும் 'தான்'னும் செய்கிற காரியம். இது எனக்குப் புரிந்தது எங்கள் ஆச்சியின் பைபிளில்.

ஆதியாகமம் 27-ஆம் அதிகாரம். ஈசாக்குக்கு வயதாகி, கண் மங்கிப் போயிருக்கிறது. மூத்தவன் ஏசாவுக்குப் போக வேண்டிய ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள்ள இளையவன் யாக்கோபு, கையிலும் கழுத்திலும் வெள்ளாட்டுக் குட்டித் தோலைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறான். கிழவருக்குச் சந்தேகம். கிட்ட வா என்கிறார். 'நீ என் குமாரனாகிய ஏசாதானோ அல்லவோ' என்று தடவிப் பார்க்க வேண்டும் என்கிறார். 1611 ஆங்கிலத்தில் அந்த இடம், 'வெதர் தௌ பி மை வெரி சன் ஈசா ஆர் நாட்'. வெரி சன். மெய்யான மகன். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் அந்த இடத்தில் 'ஏசாதானோ' என்று ஒரு 'தான்' போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தத் 'தான்'னுக்குள் ஒரு குருட்டுத் தகப்பனின் நடுக்கம் முழுக்க இருக்கிறது. மெய்யைத் தடவி மெய்யை அறியப் பார்க்கிறார். 'சத்தம் யாக்கோபின் சத்தம், கைகளோ ஏசாவின் கைகள்' என்கிறார். கடைசியில் கையை நம்பி ஏமாந்துபோகிறார்.

எங்கள் ஆச்சிக்குக் கடைசி நாலு வருஷம் கண் தெரியாது. பைபிளை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பாமலே மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். யோவான் சுவிசேஷத்தில் திரும்பத் திரும்ப வருகிற 'மெய்யாகவே மெய்யாகவே' என்பது அவள் வாயில் ஒரு தாளம் மாதிரி விழும். அது ஆங்கிலத்தில் 'வெரிலி, வெரிலி'. அதே வெரிதான், வாலில் ஒரு 'லி' சேர்த்து. நான் காலேஜ் விட்டு உள்ளே நுழைந்தால் என் கன்னத்தையும் காதையும் தடவி, கம்மலை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நீதானா?" என்பாள். தினமும். நான்தான் என்று அவளுக்குத் தெரியும். என் காலடிச் சத்தமே போதும். இருந்தாலும் தொட்டுக் கேட்டால்தான் அவளுக்கு நிறையும். அப்போது எனக்குப் பசி அவசரம். நான்தான் ஆச்சி என்று கையை விலக்கிவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறேன்.

வகுப்பறை விஷயத்துக்கு வருகிறேன். வெரிக்கும் 'டூ'வுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்கு எப்போதும் பெரும் பாடு. 'காபி ரொம்பச் சூடா இருக்கு' என்றால் சுகமாகக் குடிக்கலாம் என்றும் இருக்கலாம், நாக்கு வெந்துவிடும் என்றும் இருக்கலாம். நமக்கு இரண்டுக்கும் ரொம்ப போதும், மிச்சத்தை முகம் சொல்லிவிடும். ஆங்கிலம் அங்கே கோடு கிழித்துவிடுகிறது. 'வெரி ஹாட்' என்றால் குடிக்கலாம். 'டூ ஹாட்' என்றால் எல்லை தாண்டியது, குடிக்க முடியாது. 'யுவர் வைஃப் இஸ் டூ குட்' என்று ஒருவர் பாராட்டாகச் சொன்னால், கேட்கிற வெள்ளைக்காரர் என்னவோ குறை வருகிறது என்று காத்திருப்பார். இதற்கு நான் இப்போதெல்லாம் குறளைத்தான் துணைக்கு அழைக்கிறேன்.

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்

மயிலிறகுதான் ஏற்றுகிறார்கள். 'சால' ஏற்றலாம், வண்டி போகும். 'சால மிகுத்து' ஏற்றினால் அச்சு முறியும். அச்சு முறிகிற இடத்தில் 'டூ' போடு என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

வெரிக்கு எல்லை போட்டு, எண்ணும் கொடுத்த இடம் ஒன்று உண்டு. அது வானிலை. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் 'ஹெவி', கனமழை. 115.6-ஐத் தொட்டால் 'வெரி ஹெவி', மிக கனமழை. 204.5-ஐத் தொட்டால் 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி', அதி கனமழை. வெரி என்பது இங்கே ஒரு வாய்வார்த்தை அல்ல. மழைமானியில் ஒரு கோடு. பழைய பொருளுக்குக் கொஞ்சம் திரும்பி வந்துவிட்டது என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் இந்த வெரியைச் சரிபார்க்க முடியும்.

2023 டிசம்பர் 17, 18. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நாள் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அதி கனமழைக்கு வைத்த கோட்டைப் போல நாலரை மடங்குக்கு மேல். தாமிரபரணி கரை தாண்டி வந்தது. கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் பழைய ரேடியோவில் 'அதி கனமழை' என்று சொன்னபோது அவர், "இதுக்கு மேல சொல்றதுக்கு அவங்ககிட்ட வார்த்தை இல்லம்மா" என்றார். உண்மைதான். மேலே வேறு படி இல்லை. 21 சென்டிமீட்டருக்கும் 95 சென்டிமீட்டருக்கும் ஒரே பெயர்.

வானியல்காரர்களுக்கும் இந்தப் பஞ்சம் வந்திருக்கிறது. சிலி நாட்டில் பரனல் மலை மேல் 8.2 மீட்டர் அகலக் கண்ணாடியோடு நாலு தொலைநோக்கிகளை நிறுத்தி 'வெரி லார்ஜ் டெலஸ்கோப்' என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு 39 மீட்டரில் ஒன்று கட்ட ஆரம்பித்தபோது 'எக்ஸ்ட்ரீம்லி லார்ஜ்' என்றார்கள். இடையில் 100 மீட்டருக்கு ஒரு திட்டம் போட்டு, கட்டாமலே விட்டார்கள். அதன் பெயர் 'ஓவர்வெல்மிங்லி லார்ஜ்'.

ஆங்கிலம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் பலர் வெரியை வெட்டு, வெட்டினால் எழுத்து நன்றாகும் என்பார்கள். பெரியவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். பிள்ளைகள் நோட்டில் நான் வெட்டுவதில்லை. ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. முன்பெல்லாம் எல்லா நோட்டிலும் 'வி' போட்டு, புள்ளி வைத்து, 'குட்' என்று கிறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவேன். இப்போது அந்த நான்கு எழுத்தையும் முழுசாக எழுதுகிறேன். எழுதுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் படிக்கிறேன். மெய்யாகவே நன்றாக இருந்தால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் 'குட்' மட்டும். இரண்டு பிள்ளைகள் முகம் சுருங்கிப் போனது எனக்குத் தெரியும். போன வாரம் அதில் ஒருத்தி ஒரே பத்தியை மூன்று தடவை எழுதிக்கொண்டு வந்தாள்.

பையனும் திருத்தி எழுதிக் கொண்டுவந்தான். பாம்புக் கதையோடு ஈசாக்கின் கதையையும் அவனுக்குச் சொல்லியிருந்தேன். ஆட்டுத்தோல் கட்டிக்கொண்டு வந்த இடத்தில் வாயைப் பிளந்து கேட்டான். 'ஐ லைக் மை தாத்தா வெரி மச்' என்று நாலு கோட்டுக்குள் அடங்கிய எழுத்தில் இருந்தது. நான் கேட்காத ஆறாவது வரி ஒன்று அதற்குக் கீழே. 'ஹி இஸ் மை வெரி தாத்தா'.

சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் டிவிஎஸ் சத்தம் கேட்டது. "வந்துட்டாங்க" என்று நோட்டை என் கையிலிருந்து உருவிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினான். மார்க் போடவில்லை. அந்த வரியில் வட்டமும் போடவில்லை.